‘மலைக்குக் கொண்டுபோனீர்கள், வாரன்டி கிடையாது’ என்கிறார்கள். என்ன செய்வது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 29, ஊர் ஈரோடு. 14 மாதங்களுக்கு முன் 17 லட்சம் ரூபாய்க்கு ஒரு ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரத்துக்கும் இழுவை தரக்கூடிய) டீசல் வண்டி வாங்கினேன். மூன்று வருட வாரன்டி. இதுவரை 19,400 கி.மீ. ஓடியிருக்கிறது. போன மாதம் ஏற்காட்டில் நண்பனின் மாமாவுடைய காபி எஸ்டேட்டுக்குள் பதினொரு வண்டிகளாகப் போனோம். போட்டி எதுவும் இல்லை. 4 லோவில் (நாலு சக்கரத்துக்கும் இழுவை, குறைந்த வேகம், அதிக விசை) ஒரு மேடு ஏறும்போது அடியில் ‘டமார்’ என்று சத்தம் கேட்டது. முன் சக்கரங்களுக்கு இழுவை போய்விட்டது, ஆயில் ஒழுகியது. டோ செய்து சேலத்தில் சர்வீஸ் சென்டரில் விட்டேன். டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) போய்விட்டது, ஆஃப்-ரோடு ஓட்டியதால் வாரன்டி கிடையாது, மாற்ற 2,38,000 ரூபாய் ஆகும், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். நான் இன்ஸ்டாகிராமில் போட்ட வீடியோவையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். டயரை வெளியே ஒரு சைஸ் பெரிதாக மாற்றியிருக்கிறேன். தீபாவளி சமயத்தில் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது 4 ஹையிலிருந்து (நாலு சக்கரத்துக்கும் இழுவை, சாதாரண வேகம்) மாற்ற மறந்து நாலு கொண்டையூசி வளைவு வந்துவிட்டேன். இதையெல்லாம் சொல்லலாமா? வீடியோவை அழித்துவிடட்டுமா? அப்பா, “காட்டுக்குள்ளே கொண்டுபோனது உன் தப்பு” என்கிறார். எனக்கு ஏதாவது வழி இருக்கிறதா?

பதில்:

தம்பி, முதலில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வீடியோவையும் அழிக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் இருபத்தாறு வருடமாக மோட்டார் சர்வேயர். விபத்து வண்டிகளைப் பார்த்து மதிப்பிடுவது என் தொழில். நுகர்வோர் ஆணையங்கள் கேட்டு, பழுதான வண்டிகளை ஆய்வு செய்து அறிக்கையும் கொடுத்திருக்கிறேன். உங்களுடையதைப் போன்ற தகராறு பலவற்றில் நான் கண்டது இதுதான்: வண்டி எங்கே ஓடியது என்பதை விட, உடைந்த பாகம் எப்படி உடைந்தது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. அந்தப் பாகம் இப்போது சர்வீஸ் சென்டரில் இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இன்னும் யாரும் அதைத் திறக்கவில்லை. அடியில் எட்டிப் பார்த்தார்கள், வீடியோவைப் பார்த்தார்கள், இரண்டே நாளில் ‘கிடையாது’ என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே எது உடைந்தது என்றே தெரியாமல், அது உங்களால்தான் உடைந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

‘ஆஃப்-ரோடு’ என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டாம். உங்கள் வாரன்டி புத்தகத்தை எடுத்து விலக்குகள் உள்ள பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலான புத்தகங்களில் பந்தயம், ராலி, போட்டி, அதிக பாரம், தவறான உபயோகம், அங்கீகாரம் இல்லாத மாற்றம் என்று இருக்கும். ‘தார் ரோட்டை விட்டு இறங்கினால் வாரன்டி இல்லை’ என்று ஒரு ஃபோர் பை ஃபோருக்கு எழுதியிருப்பதை நான் பார்த்ததில்லை. அப்புறம் ஓனர் மேனுவலை எடுங்கள். 4 லோவை எப்போது போட வேண்டும், செங்குத்தான ஏற்றத்திலும் சேற்றிலும் எப்படி ஓட்ட வேண்டும் என்று அதில் சொல்லியிருப்பார்கள். மேடு ஏற லிவரும் கொடுத்து, ஏறும் முறையையும் அச்சடித்துக் கொடுத்த கம்பெனி, மேடு ஏறியதையே தவறான உபயோகம் என்று சொல்ல முடியாது. வண்டி வாங்கும்போது கொடுத்த பிரோஷரைத் தேடி எடுத்து வையுங்கள். பாறையிலும் ஓடையிலும் வண்டி ஏறி இறங்கும் விளம்பரம் இருந்தால் அதையும் சேமியுங்கள். 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு, விற்கும் பொருள் வாங்குபவரின் தேவைக்குப் பொருந்த வேண்டிய சந்தர்ப்பங்களைப் பற்றியது. அந்த வாதத்துக்கு உங்கள் வக்கீலுக்கு இந்த பிரோஷர் உதவும்.

நீங்கள் போன இடம் தனியார் எஸ்டேட் என்பதும், உரிமையாளர் அனுமதியோடு போனீர்கள் என்பதும் நல்லதாகப் போயிற்று. அவரிடம் அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். என்றைக்குப் போனீர்கள், எத்தனை வண்டிகள் போயின, பந்தயமோ நுழைவுக் கட்டணமோ இருந்ததா என்பதை அவர் எழுதிக் கொடுக்கட்டும். இதே பயணம் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போனதாக இருந்திருந்தால், வனத்துறை வழக்கு ஒரு பக்கம் இருக்க, உங்கள் பேச்சுக்கே மதிப்புக் குறைந்திருக்கும்.

சரி, உடைந்த பாகம் எப்படிப் பேசும் என்று சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வழக்கில் முன் ஆக்சில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) உடைந்திருந்தது. கம்பெனி சொன்னது உங்களிடம் சொன்னதேதான்: அன்றைக்கு மலையில் வண்டிக்காரர் தப்பாக ஒரு உதறு உதறினார், அதனால் உடைந்தது. ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது மேஜை மேல் ஒரு துண்டுதான் இருந்தது. இன்னொரு துண்டு ஸ்கிராப் டிரம்மில் கிடந்தது. அதைத் தேடி எடுத்து, பத்து மடங்கு லென்ஸை வைத்து டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன். விளிம்பில் ஒரு கறுத்த புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன தடம் மாதிரி, வளைவு வளைவாகக் கோடுகள். உடைந்த முகத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு அப்படி வழவழப்பாக இருந்தது. மிச்சம் மட்டும் உடைத்த வெல்லக்கட்டி போலச் சொரசொரப்பாக இருந்தது. அதற்கு அர்த்தம், விரிசல் அன்றைக்கு வந்ததில்லை. பல நாளாக, ஒவ்வொரு சுமைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. கடைசியில் மிச்சமிருந்த இரும்பு தாங்காமல், அந்த மலையில் வைத்து விட்டுவிட்டது. ஒரே அடியில், அளவுக்கு மீறிய சுமையில் உடைந்திருந்தால் முகம் முழுக்கச் சொரசொரப்பாகத்தான் இருந்திருக்கும், அந்த அலைத்தடம் இருக்காது. வண்டிக்காரர் பக்கம் அந்த வழக்கு திரும்பியதற்கு அந்த ஸ்கிராப் டிரம் துண்டுதான் காரணம்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், உங்கள் டிரான்ஸ்ஃபர் கேஸை நீங்கள் இல்லாமல் திறக்க விடாதீர்கள். திறக்கும் நாளை எழுத்தில் வாங்குங்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரையோ, முடிந்தால் தனியாக ஒரு சர்வேயரையோ ஆட்டோமொபைல் இன்ஜினியரையோ கூட்டிப் போங்கள். ஒவ்வொரு நட்டு கழலும்போதும் வீடியோ எடுங்கள். ஆயிலை இறக்கும்போது சுத்தமான இரண்டு பாட்டிலில் பிடித்து, மூடி மேல் டேப் ஒட்டி, இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கருகிய வாடை அடித்து, பேரிங் நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் குறைந்து சூடேறியிருக்கிறது. ஆயில் ஏன் குறைந்தது என்பது அடுத்த கேள்வி. சீல் முன்பே கசிந்ததா, சர்வீஸில் அளவு பார்த்தார்களா என்று அது அவர்கள் பக்கமே திரும்பலாம். பழைய சர்வீஸ் பில்கள் அப்போது கைகொடுக்கும். உடைந்த துண்டுகள் கிடைத்தால் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கக் கூடாது. எல்லோருக்கும் கை அதற்குத்தான் போகும். பொருத்தினால் முகம் தேய்ந்து, படிக்க வேண்டிய எழுத்து அழிந்துபோகும். லேசாக ஆயில் தடவி, பிளாஸ்டிக் கவரில் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள்.

இதோடு, பேட்டரியைக் கழற்றுவதற்கு முன், ஸ்கேனர் போட்டு ஈசியூவில் (வண்டியின் கணினியில்) பதிவான ஃபால்ட் கோடுகளைப் (பழுதுக் குறியீடுகளை) பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். சில கோடுகளோடு அந்த நொடியில் இன்ஜின் எந்த ஆர்பிஎம்மில் இருந்தது, வண்டி எந்த வேகத்தில் போனது என்பதும் பதிவாகியிருக்கும். நீங்கள் நிதானமாகத்தான் ஏறினீர்கள் என்றால் அதை வண்டியே சொல்லும். கோடுகளை அழித்துவிட்டால் அந்தச் சாட்சியும் போய்விடும்.

இப்போது உங்களுக்குப் பாதகமானவற்றுக்கு வருகிறேன். மறைக்காமல் எழுதியதற்கு நன்றி.

தீபாவளி சமயத்து விஷயம் சின்னது இல்லை. உங்களுடையது பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவ், அதாவது தேவைப்படும்போது மட்டும் நாலு சக்கர இழுவையைப் போடுவது. 4 ஹை போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. வளைவில் முன் அச்சு பெரிய வட்டம் போடுகிறது, பின் அச்சு சின்ன வட்டம் போடுகிறது. இரண்டரை மீட்டர் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) உள்ள வண்டி, பின் அச்சு 8 மீட்டர் ஆரத்தில் ஒரு கொண்டையூசி வளைவை முழுதாகத் திரும்பினால், முன் அச்சு ஒரு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். மண்ணிலும் சேற்றிலும் டயர் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் டயர் வழுக்காது, அந்த முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ளும் ஷாஃப்ட்டுகளிலும் போய் உட்காரும். சேலம்–ஏற்காடு பாதையில் இருபது கொண்டையூசி வளைவுகள். நீங்கள் நாலாவதிலேயே கவனித்தது பெரிய விஷயம். நல்ல நிலையில் இருக்கிற கேஸ் ஒரே நாளில் நாலு வளைவில் உடைந்ததை என் அனுபவத்தில் பார்த்ததில்லை. வாரா வாரம் இப்படி ஓட்டியிருந்தால் கதை வேறு. டயரின் தேய்மானத்திலும் லிவர் கழலச் சிரமப்படுவதிலும் அது தெரிந்திருக்கும். ஆணையத்தில் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பிரமாணப் பத்திரத்தில் ஒரு பொய் பிடிபட்டால், நீங்கள் சொன்ன உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

டயர் விஷயத்தில் நான் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நாலையும் மாற்றினீர்களா, இரண்டை மட்டும் மாற்றினீர்களா? நாலும் ஒரே சைஸ் என்றால், விட்டம் எவ்வளவு சதவீதம் கூடியதோ ஏறக்குறைய அந்த அளவுக்குச் சுமை கூடியிருக்கும். ஒரு சைஸ் வித்தியாசம் என்றால் அது சொற்பம். முன்னால் பழசு, பின்னால் பெரிசு என்றால், நேர் ரோட்டில் 4 ஹை போட்டாலே மேலே சொன்ன முறுக்கு வந்துகொண்டே இருக்கும். அப்படியென்றால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. நாலும் ஒரே சைஸ் என்றால், ‘டயர் மாற்றினதால் வாரன்டி மொத்தமும் போச்சு’ என்பதை ஏற்காதீர்கள். 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகள் மீது ஒரு உத்தரவு போட்டது. வெளியே வேலை பார்த்தாலே வாரன்டி ரத்து என்று பொதுவாக நிபந்தனை போடக் கூடாது, அந்த வேலையில் நடந்த தவறால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்று அதில் சொல்லியிருந்தார்கள். அந்த உத்தரவு மேல்முறையீட்டுக்குப் போனது. அது டயரைப் பற்றியதும் அல்ல, வெளி மெக்கானிக்குகளைப் பற்றியது. ஆனாலும் செய்த மாற்றத்துக்கும் வந்த சேதத்துக்கும் தொடர்பைக் காட்ட வேண்டும் என்ற நியாயம் உங்களுக்கும் பொருந்தும்.

வீடியோவை அழித்தால் பயந்து அழித்தீர்கள் என்றுதான் ஆகும். அவர்கள் ஏற்கெனவே காப்பி எடுத்திருப்பார்கள். பாட்டுப் போட்டு வேகம் கூட்டி வெட்டி ஒட்டிய துண்டைத்தானே நீங்கள் போட்டிருப்பீர்கள்? போனில் இருக்கும் முழு ஒரிஜினலை, நண்பர்கள் எடுத்ததையும் சேர்த்து, வேறு இடத்தில் காப்பி செய்து வையுங்கள். மெதுவாக ஏறியது, சக்கரம் அந்தரத்தில் சுற்றாதது, சத்தம் வந்த நொடி எல்லாம் அதில் இருக்கும்.

இன்னொன்றை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். டிரான்ஸ்ஃபர் கேஸின் கூடு வெளியிலிருந்து கல் மோதி உடைந்திருந்தால் அது வாரன்டி விஷயமே இல்லை, இன்சூரன்ஸ் விஷயம். காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் வெளிப்புற மோதலால் வந்த விபத்துச் சேதத்துக்குப் பணம் உண்டு. தானாக வந்த மெக்கானிக்கல் பழுதுக்கும் தேய்மானத்துக்கும் கிடையாது. பந்தயம், வேகச் சோதனை, நம்பகச் சோதனை ஆகியவற்றில் ஓட்டினாலும் கிடையாது. உங்கள் பயணம் அந்த வகையில் வராது. சர்வீஸ் சென்டர் ‘மோதல்’ என்று சொல்லும், இன்சூரன்ஸ் ‘மெக்கானிக்கல் பழுது’ என்று சொல்லும், நடுவில் நீங்கள் அல்லாடுவீர்கள். அப்படி நிற்காமல் இருக்க, இன்சூரன்ஸுக்கு இன்றைக்கே தகவல் கொடுத்து சர்வேயரை அனுப்பச் சொல்லுங்கள். ஏன் தாமதம் என்று கேட்பார்கள். சர்வீஸ் சென்டர் வாரன்டி என்று பேசிக்கொண்டிருந்த தேதிகளைச் சொல்லுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். டீலருக்கும் கம்பெனிக்கும் ஒரே மெயில் எழுதுங்கள், ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். மூன்று கேள்விகள் போதும்: வாரன்டியின் எந்த விதியின்படி மறுக்கிறீர்கள், நான் செய்த எந்தச் செயல் எந்தப் பாகத்தைச் சேதப்படுத்தியது, அதை எந்தப் பரிசோதனையில் கண்டீர்கள்? பழைய பாகம் எதையும் என் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அப்புறப்படுத்தக் கூடாது என்ற வரியையும் சேருங்கள். பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். இடையில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிந்து வையுங்கள். சில கம்பெனிகள் அந்த இடத்திலேயே இறங்கி வருகின்றன.

பதில் சரியில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, வண்டி சேலத்தில் நின்றாலும் நீங்கள் குடியிருக்கும் ஈரோட்டிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையமே போதும். 10 முதல் 20 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். டீலர், கம்பெனி இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர் அவரைக் கை காட்டித் தப்பிப்பார். சட்டத்தின் 38-வது பிரிவில், பரிசோதித்தால்தான் குறை தெரியும் என்கிற பொருளை ஆணையம் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இடைக்கால உத்தரவும் போடலாம். பாகத்தைப் பத்திரமாக வைக்கும்படி முதல் மனுவிலேயே கேளுங்கள். பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேல் இழுக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

‘தயாரிப்புப் பொறுப்பு’ (புராடக்ட் லயபிலிட்டி) என்று அதே சட்டத்தில் ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. யாராவது அதன் கீழ் வழக்குப் போடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பொருளுக்கே வந்த சேதம் அதில் சேராது. உங்கள் வழி, பொருளில் குறை, சேவையில் குறைபாடு என்பதுதான். புது வண்டி கேட்காதீர்கள், தம்பி. வாரன்டி பாகத்தைச் சரிசெய்து தருவதாகச் சொன்னால் முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று 2006-ல் மாருதி உத்யோக் – சுஷீல் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இலவசமாக டிரான்ஸ்ஃபர் கேஸ், புதிதாகப் போட்ட பாகத்துக்கு வாரன்டி, டோ செலவு, வண்டி இல்லாமல் அலைந்த செலவு, நியாயமான நஷ்ட ஈடு என்று கேளுங்கள். அளவாகக் கேட்பவருக்குத்தான் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

வண்டி அவசரமாக வேண்டும் என்றால் பணத்தைக் கட்டி எடுக்கலாம், தவறில்லை. ஆனால் பாகம் திறந்து பார்த்து பதிவான பிறகு, ‘என் உரிமையை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்போடு கட்டுகிறேன்’ என்று பில்லிலேயே எழுதிக் கட்டுங்கள். நீங்கள் காசு கொடுத்து மாற்றினால் பழைய யூனிட் உங்களுடையது. அதை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

அப்பா சொன்னதைப் பற்றி: அவர் கோபம் பணத்தை நினைத்து வருவது, புரிகிறது. மேனுவலில் 4 லோ உள்ள பக்கத்தை அவருக்குக் காட்டுங்கள். ஏற்றத்தில் ஓட்டத்தான் அந்த லிவருக்கும் சேர்த்து விலை கொடுத்தீர்கள் என்பது அவருக்கும் தெரிய வேண்டும்.

நீங்கள் அனுப்பிய அடிப்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்கிட் பிளேட்டில் (அடிப்பக்கத்தைக் காக்கும் தகட்டில்) ஒரு நசுங்கல் தெரிகிறது. அது ஆயில் கசியும் இடத்துக்கு ஒரு சாண் முன்னால் இருக்கிறது, அதன் பள்ளத்தில் மண் காய்ந்து போயிருக்கிறது. அது பழைய அடியா, அன்றைய அடியா என்பதை அந்த மண்ணும் அதற்குக் கீழே இருக்கும் துருவும்தான் சொல்ல வேண்டும். வாரன்டியா, இன்சூரன்ஸா என்பதும் அதில் இருக்கிறது. சர்வீஸ் சென்டருக்கு வந்த வண்டியை முதல் வேலையாகத் தண்ணீர் பீச்சிக் கழுவுவது வழக்கம். இதைப் படித்து முடித்ததும் அவர்களுக்குப் போன் போட்டு, அண்டர்பாடி வாஷ் செய்யக் கூடாது என்று சொல்லுங்கள். சொன்னதையே மெசேஜாகவும் அனுப்பிவிடுங்கள்.